ஈரேழில் புரையேறியவர்கள்

கோயம்புத்தூரில், பெரிய ஆஸ்பத்திரிகளும் நகைக்கடைகளும் வரிசை கட்டிய சாலைக்குப் பின்னால், தூங்குமூஞ்சி மரங்கள் நிழல் போட்ட ஒரு தெருவில், 'ஈரேழு' என்ற உயர்தர உணவகம் திறந்த நாற்பத்தோராம் நாள் மத்தியானம், ஆறாம் மேஜையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நூல்மில் முதலாளிக்குப் புரையேறியது. அவர் இருமி முடிப்பதற்குள், வரப்புத் தகராறில் பத்தொன்பது வருஷமாக அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத அவருடைய அண்ணன், இடுப்பில் துண்டும் தலையில் வழிய வழிய நல்லெண்ணெயுமாக எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார். அன்னூர்ப் பக்கம் தன் தோட்டத்து வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர், தம்பியை நினைத்துப் பல்லைக் கடித்தாராம், அவ்வளவுதான். தம்பி தண்ணீர் குடித்ததும் அண்ணன் போய்விட்டார். நாற்காலித் துணியில் எண்ணெய்க்கறை மட்டும் தங்கிவிட்டது, இரண்டு தடவை சலவைக்குப் போட்டும் போகவில்லை.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பது பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. நினைக்கிறவர் நேரிலேயே வந்து உட்காருவார் என்பதுதான் புதிது. ஊர் அதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை, ஆகவேண்டியதைப் பார்த்தது. கடைக்காரர்கள், இரண்டு பேர் உட்காருகிற மேஜைக்கெல்லாம் மூன்றாவதாக ஒரு நாற்காலி போட்டு, சுலபமாகத் துடைக்கிற உறை மாட்டினார்கள். வருகிறவர் புரையேறியவர் தண்ணீர் குடிக்கும்வரை மட்டுமே இருக்கலாம், அவருக்குப் பண்டம் எதுவும் பரிமாறப்படாது, அவரைப் படம் எடுக்கக்கூடாது என்று அட்டை அடித்து வைத்தார்கள். மாப்பிள்ளை பார்க்கிற பெண் வீட்டார் ஜாதகத்தோடு ஈரேழில் ஒரு மேஜைக்கும் சொல்லிவைத்து, மாப்பிள்ளைக்குப் புரையேறுமட்டும் எழுந்திருக்க விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். சமையலறையைச் சோதிக்க வந்த சுகாதார அதிகாரிக்கே புரையேறி, கையில் தேங்காய்த் துருவலோடு அவர் மனைவி வந்து, 'சாப்பாட்டுக்கு வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன' என்று கேட்டுவிட்டுப் போனாள். ஷார்ஜாவிலிருந்து ஒரு மருமகள் கரண்டியோடு வந்து போனாள். எப்போது யார் புரையேறி இழுப்பார்களோ என்று, பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை ஊரில் ஆண்பிள்ளைகள் வெற்றுடம்போடு உட்காருவதை விட்டார்கள், பெண்கள் நைட்டியை மாற்றிச் சேலை கட்டினார்கள், யாரும் அந்த நேரத்தில் குளிப்பதில்லை. அடுத்தவர் வீட்டு விஷயத்தையே நினைத்துப் பழகிய சிலர், மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று அந்த இரண்டரை மணி நேரமும் டி.வி. முன்னால் உட்கார்ந்து மனசை மூடி வைத்திருந்தார்கள். எந்தப் பண்டத்தால் இப்படி ஆகிறது என்று தலைமைச் சமையல்காரரைக் கேட்டதற்கு, 'மிளகு நல்ல மிளகுங்க' என்பதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கமலவேணி நாற்பத்து மூன்று நாள் முன்பே சொல்லிவைத்து மேஜை வாங்கினாள். தபால் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷமாகக் கவுன்டரில் உட்கார்ந்து, உறையின் மேல் எழுதின கையெழுத்தைப் பார்த்தே உள்ளே இருப்பது கல்யாணப் பத்திரிகையா வக்கீல் நோட்டீஸா என்று சொல்லக்கூடியவள் அவள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் வீட்டுக்காரரின் விஷயம் மட்டும் பிடிபடாமல் ஏழு மாதமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. வீட்டுக்காரர் திருமூர்த்தி, மோட்டார் பம்பு கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து, போன ஆனியில் ஓய்வு பெற்றவர். ஆடி பிறந்து நாலாம் நாள், கொள்ளு ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரையேறியது. கமலவேணி உச்சந்தலையில் தட்டி, 'யாரோ நெனைக்கறாங்க' என்றாள். எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சுதான். சொல்லிவிட்டுப் போய் அடுப்பை அணைத்தவளுக்கு, யார் நினைக்கிறார்கள் என்று ஒரு எண்ணம் தோன்றியது, தோன்றினது போகவில்லை.

மறுநாளும் அவருக்குப் புரையேறியது. அதற்கு மறுநாளும். அதன் பிறகு அவள் எதிரே உட்கார்ந்து, அவர் கை வாய்க்குப் போகும்போதெல்லாம் யாராக இருக்கும், யாராக இருக்கும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கு ஒருவேளைகூடத் தவறாமல் புரையேறியது. இட்லிக்கு ஏறியது, தயிர்ச்சோற்றுக்கு ஏறியது, வெறும் தண்ணீருக்கும் ஏறியது. தயிர்ச்சோற்றுக்கு ஒருத்தனுக்குப் புரையேறுகிறது என்றால் நினைக்கிறவள் சாதாரணமாகவா நினைப்பாள்?

"யாருங்க அது?"

"எது?"

"உங்களை நெனைக்கறது."

"யாரு கண்டா புள்ள. வரமொளகாயா இருக்கும்."

"தயிர்ச்சோத்துல எங்கீங்க வரமொளகா?"

அவர் எழுந்து கை கழுவப் போய்விடுவார். கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிற சுலோசனா என்ற பெண், இவர் ஓய்வு பெற்ற அன்று எல்லாரும் சேர்ந்து கொடுத்த சுவர்க்கடிகாரத்தை இவர் கையில் தரும்போது மூக்கை உறிஞ்சினாள். சளி பிடித்திருந்தது என்றார் இவர். ஆனி மாதத்தில் என்ன சளி என்று கமலவேணி அன்றைக்குக் கேட்கவில்லை. ஆடிக்கு அப்புறம் தினமும் அதைத்தான் மனசுக்குள் கேட்டாள். அவருடைய போனை எடுத்துப் பார்த்தாள், அதில் காஸ் கம்பெனியைத் தவிர யாரும் அவரைக் கூப்பிட்டதாக இல்லை. ஒன்றுமே இல்லாதது அவளுக்கு மேலும் சந்தேகத்தைக் கொடுத்தது. இத்தனை சுத்தமாக ஒரு போன் இருக்குமா?

முப்பத்தோராம் கல்யாண நாளுக்கு ஈரேழு போகலாமா என்று அவள் கேட்டபோது, அந்தக் கடை என்ன கடை என்று ஊரே அறிந்திருக்க, திருமூர்த்தி ஒரு நொடிகூட யோசிக்காமல் "போலாமே" என்றார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. மடியில் கனமில்லாதவன் பேச்சா, இல்லை கனத்தை எங்கேயோ இறக்கி வைத்துவிட்டு வந்தவன் பேச்சா என்று அன்று ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு யோசித்தாள். போகிற நாளில் அவர் வெள்ளைச் சட்டையை இரண்டு தடவை தேய்த்துப் போட்டுக்கொண்டதையும், தலைக்குச் சாயம் பூசிக்கொண்டதையும், கண்ணாடி முன்னால் நின்று மீசையை ஒதுக்கிக்கொண்டதையும் பார்த்தாள். வரப்போகிறவளுக்காகத்தான் இந்த ஜோடிப்பு என்று அவளுக்குப் பட்டது. வரட்டும். வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள்.

ஒன்பதாம் மேஜை, ஜன்னல் ஓரம். மேற்பார்வையாளர் ஜெபசெல்வி என்று ஒரு பெண், தூத்துக்குடிக்காரி, நாற்பது வயதிருக்கும், கறுப்புச் சேலையும் காதில் சின்ன முத்துமாக வந்து, ஒவ்வொரு பண்டத்தையும் வைத்துவிட்டு அது என்ன என்று விளக்கிவிட்டுப் போனாள். விளக்கியிருக்காவிட்டால் தெரிந்திருக்காது. கமலவேணி வாரம் இரண்டு தடவை குக்கரில் வைக்கிற அரிசிம்பருப்புச் சாதம், கோலிக்குண்டு அளவுக்கு உருண்டையாகி, ஒரு பிடி ஆற்றுக் கூழாங்கல்லின் மேல் நெய்ப்பொடி தூவி வந்தது. கம்பங்கூழ் நுரையாக வந்தது. பச்சைப்புளி ரசம் பனிக்கட்டியாக, மூங்கில் குச்சியில் குத்தி வந்தது. பதினாலு உலகத்துக்குப் பதினாலு பண்டம் என்று கணக்காம். ஒவ்வொன்றும் ஒரு வாய்.

"கல்லையும் திங்கறதா?" என்று திருமூர்த்தி கேட்டார்.

"இல்ல சார், அது அலங்காரத்துக்கு. உருண்டையை மட்டும் எடுத்துக்கோங்க" என்றாள் ஜெபசெல்வி.

அவர் சாப்பிட்டது கமலவேணிக்கு எரிச்சலாக இருந்தது. பம்பு வாயில் காதை வைத்துக் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு வாயையும் நாக்கில் நிறுத்தி, சோதித்து, மெதுவாக விழுங்கினார். இவளுக்குத் தெரிந்த திருமூர்த்தி அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிற ஆள். புரையேறக் கூடாது என்று எவ்வளவு ஜாக்கிரதை பார், என்று நினைத்தாள். பக்கத்து மேஜையில் ஒரு மாப்பிள்ளைப் பையனுக்குப் புரையேறி, மூன்றாவது நாற்காலியில் அவன் படித்த பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் விசிலோடு வந்து உட்கார, பெண் வீட்டார் நிம்மதியாகச் சிரித்தார்கள். நாலாம் மேஜையில் ஒரு அம்மாளுக்குப் புரையேறி, அவளுடைய நாத்தனார் வந்து, இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பண்டம் போனது, ஒன்பது போனது. திருமூர்த்தி வாயைத் துடைத்துக்கொண்டு, நடுநடுவே அந்தக் காலி நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தார். அதையும் அவள் கவனித்துக்கொண்டாள்.

பதினோராம் பண்டம் ஒரு கண்ணாடிக் கவிழ்ப்புக்குள் வந்தது. ஜெபசெல்வி கவிழ்ப்பைத் தூக்கியதும் மிளகுப் புகை மேஜை முழுக்கப் பரவி, உள்ளே வாழைப்பூ வடை ஒன்று தட்டுப்பட்டது. திருமூர்த்தி அதை வாயில் போட்டார். மென்றார். அவருடைய கண் விரிந்தது.

புரையேறியது என்றால் அப்படி ஒரு புரை. முகம் சிவந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு, அந்த வெள்ளைச் சட்டை குலுங்கக் குலுங்க இருமினார். முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில் கமலவேணியின் கை அவர் உச்சந்தலைக்குப் போகப் பார்த்தது. அவள் அதை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். வாடி, என்று அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். ஏழு மாதமாக என் சோற்றில் கல்லைப் போட்டவளே, என் வீட்டுக்காரரை நீ எப்படி நினைக்கிறாய் என்று நான் பார்க்கிறேன், வாடி, என்று அவள் தன் உடம்பில் உள்ள பலமெல்லாம் கண்ணுக்குக் கொண்டுவந்து, இந்த மனுஷன், இந்த மனுஷன், இந்த மனுஷன் என்று நெஞ்சு அடித்துக்கொள்ள நாற்காலியையே பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு வெயில் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போய்விட்டது தெரிந்தது. ஜன்னல் வேறு பக்கம் இருந்தது. எதிரே ஒரு காலி நாற்காலி, அதன் முதுகில் ஒரு கைப்பை தொங்கியது. அவளுடைய கைப்பை. மூன்றாவது நாற்காலியின் வழவழப்பான உறை அவள் சேலைக்கடியில் வழுக்கியது.

வந்திருந்தது அவள்தான்.

திருமூர்த்தி இருமலுக்கு நடுவே அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால், வாசல் பக்கம் பார்த்தார். வாசலில் காவலாளி யாருக்கோ குடை விரித்துக்கொண்டிருந்தார்.

"வேற யாரும் வரலியா?" என்று அவர் கேட்டார்.

ஜெபசெல்வி தண்ணீர் டம்ளரோடு வந்து குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "பத்து மேஜைன்னா ஏழுல இப்படித்தான் சார்" என்றாள். "கூட வந்தவங்களேதான் வருவாங்க. வெளிய போயி யாரும் சொல்றதில்ல. அண்ணன் வந்தான், வாத்தியார் வந்தாருன்னு வந்த கதையைத்தான் சொல்லுவாங்க."

திருமூர்த்தி டம்ளரை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. "கம்பெனில நானூறு பேரு" என்றார். "தெனமும் புரையேறுதே, யாரோ ஒருத்தன் நெனைக்கறான்னுதான் புள்ள நானும் இருந்தேன். சுப்பிரமணியா இருக்கும், ராஜாமணியா இருக்கும்னு ஒவ்வொரு பேரா நெனைச்சுப் பார்ப்பேன். ஜெர்மனியில இருந்து நம்ம பிரவீணாகூட இருக்கலாம்னு நெனைச்சேன். இன்னிக்குப் பார்த்தர்லாம்னுதான் வந்தேன்."

சாயம் பூசிக்கொண்டதும் சட்டையைத் தேய்த்ததும் மகளுக்காகவும் சுப்பிரமணிக்காகவும்தானா என்று கமலவேணிக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்குப் புரையேற, அவள் சந்தேகப்பட, சந்தேகப்பட்டு அவள் நினைக்க, நினைத்ததனால் அவருக்கு மறுபடி புரையேற, ஏழு மாதம் அந்த வீட்டில் நடந்தது இதுதான். சுலோசனா இல்லை. ஒருத்தியும் இல்லை. கையும் களவுமாகப் பிடிக்க வந்த இடத்தில், இந்த மனுஷனை நினைக்க உலகத்தில் இன்னொரு ஜீவன் இல்லை என்று தெரிந்தபோது, அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகை வந்தது. சுலோசனாவாவது வந்திருக்கலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. விம்மலை அடக்க அவள் மூச்சை உள்ளே இழுக்க, மேஜை மேல் இன்னும் மிதந்துகொண்டிருந்த மிளகுப் புகை மொத்தமும் உள்ளே போய், அவளுக்குப் புரையேறியது.

எதிரே, கைப்பை தொங்கிய நாற்காலியில், ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

அறுபது வயதிருக்கும். கட்டம் போட்ட சட்டை, நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி, ஒரு கையில் சின்னக் கத்தி, மறு கையில் பாதி உரித்த சின்ன வெங்காயம். கண் இரண்டிலும் தண்ணீர் நின்றது. அவர் கடையைப் பார்த்தார், கண்ணாடிக் கவிழ்ப்பைப் பார்த்தார், பிறகு கமலவேணியைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார்.

கமலவேணிக்கு அந்த முகம் தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் கவுன்டருக்கு வந்துபோன ஆயிரம் ஆயிரம் முகத்தில் ஒன்றா, படித்த பள்ளிக்கூடமா, பஸ்ஸா, கல்யாண வீடா என்று ஒரு பக்கம் மனசு தேடி ஓட, மறுபக்கம் திருமூர்த்தி தன்னைப் பார்க்கிற பார்வை கன்னத்தில் சுட, பயந்துபோய் எதிரே இருந்த டம்ளரை எடுத்து மடக்கென்று குடித்துவிட்டாள். அந்த ஆள் போய்விட்டார். குடித்த பிறகுதான், யாரென்று கேட்டிருக்கலாமே, ஒரு வார்த்தை நல்லா இருக்கேன் என்றாவது சொல்லியிருக்கலாமே என்று இருந்தது.

திருமூர்த்தி தன் கையிலிருந்த தண்ணீரை, அவளிடமிருந்து கண்ணை எடுக்காமல், நிதானமாகக் குடித்தார். கமலவேணி தன் பழைய நாற்காலியில் இருந்தாள். உட்கார்ந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. மேஜை விளிம்பில் ஒரு வெங்காயச் சருகு கிடந்தது. திருமூர்த்தி அதை இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"யாரது?"

"எனக்குச் சத்தியமாத் தெரியாதுங்க."

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டான்."

"கேட்டாரு. யாருன்னு தெரியலீங்க."

"அழுதுட்டு வந்தான்."

"வெங்காயத்துக்குங்க அது!"

"வெங்காயத்துத் தண்ணி எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். "அது இப்படி நிக்காது, ஒழுகும்."

மிச்சம் மூன்று பண்டமும் வந்தன. என்ன வந்தது, என்ன சாப்பிட்டார்கள் என்று இருவருக்கும் தெரியாது. வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அவர் கேட்ட ஒரே கேள்வி, அவள் முன்பு பொள்ளாச்சித் தபால் ஆபீஸில் வேலை பார்த்தது எந்த வருஷம் என்பது. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு, 'யாரும் வரலைங்க, சாப்பாடுதான் ஒவ்வொரு வாயாக் குடுத்தாங்க' என்று இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

மறுநாள் காலையிலிருந்து திருமூர்த்தி மாறிப்போனார். ஓய்வு பெற்றதிலிருந்து சுவர்க்கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தே பொழுதைக் கழித்த மனுஷன், தேடி வந்து அடுக்களை வாசலில் நின்றார். இந்தச் சேலை எப்போது எடுத்தது என்று கேட்டார். பழைய ஆல்பங்களைப் பரணிலிருந்து இறக்கி, பூதக்கண்ணாடி வைத்து, கல்யாணப் பந்தியில் பின்வரிசையில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகச் சோதித்தார். அவள் தபால் ஆபீஸுக்குக் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். சாயங்காலம் அவள் இறங்கும்போது அங்கேயே நின்றிருந்தார். என்ன சமைத்தாலும் அதில் வெங்காயம் போடும்போது அவள் முகத்தைக் கவனித்தார். அவள் உண்மையைத்தான் சொன்னாள், தினமும் சொன்னாள். உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே இருந்தது அவளுக்கே.

நாலாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். அவள் தயிர்ச்சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்தாள். அவளுக்குப் புரையேறியது.

திருமூர்த்தி தலையில் தட்ட எழுந்திருக்கவில்லை. பிசைந்த கை தட்டிலேயே நிற்க, கண் சிமிட்டாமல், அவள் நெற்றி, அவள் கண், அவள் மூக்குத்தி, அவள் கழுத்து என்று அவள் முகத்தை இன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறவர் போல, யார், யார், யார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவர் அவளை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கமலவேணி அதை எடுக்காமல், கண்ணில் நீர் வழிய, இன்னும் கொஞ்ச நேரம் இருமிக்கொண்டிருந்தாள்.